தங்கைக்கு வேறு வேலை இல்லையா?

கேள்வி: எனக்கு 38 வயது. தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். பி.ஏ. வரலாறு முடித்த கையோடு வேலைக்குப் போய்விட்டேன். இப்போது வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எம்.ஏ. வரலாறு படிக்க ஆசை. மனைவிக்குச் சம்மதம்; அவள் சம்பளத்தில் வீடு நடந்துவிடும். நான் பி.ஏ. கடைசி ஆண்டில் இருந்தபோது பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவை, என்னைவிட இரண்டு வயது இளைய தங்கை பார்த்துக்கொள்கிறாள். பிளஸ் டூவோடு நின்றவள் என்பதால் அவளுக்கு வேறு வேலையும் இல்லை. இந்த வயதில் கலைப் படிப்பு வீண் என்கிறார்கள். சேரலாமா?

பதில்: இந்த வயதில் எம்.ஏ. வீணா என்று கேட்டு வரும் கடிதங்களுக்குக் குறைவே இல்லை. படிப்பு வீணாகாது. ஆனால் அதற்காக வேலையை விடுவது வீண். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாற்றை இரண்டு ஆண்டிலும் முடிக்கலாம், நான்கு ஆண்டு வரை நிதானமாகவும் முடிக்கலாம். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது என்று 2022-இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தெளிவாக அறிவித்துவிட்டது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. பொதுப் பிரிவினர் முதுநிலையில் 55 சதவீதம் எடுத்திருந்தால் போதும். தேறியவர் எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடுவதில்லை என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். என்னை உறுத்துவது "அவளுக்கு வேறு வேலையும் இல்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

பக்கவாதத்தில் படுத்தவரைக் கவனிப்பது என்ன வேலை என்று தெரியுமா? படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், நள்ளிரவிலும். புரை ஏறாமல் இருக்க நிமிர்த்தி உட்காரவைத்து, ஒவ்வொரு வாயாக, விழுங்கிவிட்டாரா என்று பார்த்துப் பார்த்து ஊட்ட வேண்டும். துணி மாற்ற வேண்டும், மடங்கிய விரல்களைப் பிரித்து நீட்டிவிட வேண்டும். 18 ஆண்டுகளாக இதைச் செய்கிறவருக்கா வேலை இல்லை?

நீங்கள் கணக்கர், ஒரு கணக்குப் போடுங்கள். நீங்கள் கடைசி ஆண்டில் இருந்தபோது உங்கள் தங்கை பிளஸ் டூ முடித்திருப்பார். அவர் கல்லூரியில் சேர வேண்டிய வருடம் அப்பா படுத்தார். உங்கள் பி.ஏ. தடைபடவில்லை, அவருடையது தொடங்கவே இல்லை. இன்று அவருக்கு 36 வயது. திருமணம் ஆயிற்றா என்றுகூட நீங்கள் எழுதவில்லை.

வீடு, நிலம் போலப் படிப்பும் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்குள்ள குடும்பச் சொத்து என்று நம்புகிறவள் நான். தங்கையின் முதல் பங்கையே கொடுக்காமல் அண்ணன் இரண்டாவது பங்கு கேட்பது நியாயமில்லை. பெற்றவரைப் பேணும் கடமை மகனுக்கு இல்லை, மகளுக்கு மட்டும்தான் என்று யார் சொன்னார்கள்? செலவுக்குப் பணம் கொடுத்தால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. உங்கள் கை அப்பாவின் உடம்பில் பட வேண்டும்.

ஆகவே இந்த ஆண்டு உங்களுக்கு விண்ணப்பம் வேண்டாம். வேலையில் இருங்கள். அந்தச் சம்பளத்தில் பகல் நேரத்துக்கு ஓர் உதவியாளரை அமர்த்துங்கள். இரவில் புரட்டிப் படுக்கவைப்பதை ஒருநாள் விட்டு ஒருநாள் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு தங்கையிடம் என்ன படிக்க ஆசை என்று கேளுங்கள். நீங்களே முடிவு செய்து படிவத்தை நீட்டாதீர்கள். பிளஸ் டூ தேறியிருந்தால் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. சேரலாம், 36 வயது தடையில்லை. படிப்பே வேண்டாம், ஒரு தொழில் கற்றுக்கொள்கிறேன் என்றால் அதற்கும், கொஞ்ச நாள் எங்காவது போய் ஓய்வெடுக்கிறேன் என்றால் அதற்கும் வழி செய்யுங்கள். அவர் வழி திறந்தபிறகு நீங்கள் தாராளமாக எம்.ஏ. சேருங்கள், நானே வாழ்த்துகிறேன்.

மனைவியைத் தூது அனுப்பாமல் நீங்களே போய்க் கேளுங்கள். முதலில் ஏதும் வேண்டாம் என்றுதான் சொல்வார். அத்தோடு விட்டுவிடாமல், அப்பாவின் மருந்து வேளைகளை அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அப்பாவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் மீண்டும் கேளுங்கள்.