ஒரு டாலர் பந்தயம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நகைச்சுவைப் படங்களின் வில்லன்களைப் பற்றிப் போன மாதம் எழுதியபோது, ‘டிரேடிங் பிளேசஸ்’ படத்தின் டியூக் சகோதரர்களைத் தலைக்கு மேல் தூக்கிவைத்திருந்தீர்கள். அந்த வாரமே படத்தைத் தேடிப் பார்த்தேன். சிரித்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு கிழவர்களும் எனக்கு அட்டைப் பொம்மைகளாகத்தான் தெரிந்தார்கள். ஒரு டாலருக்காக இரண்டு பேருடைய வாழ்க்கையைக் குலைக்கிறார்கள். ஒரு பழைய பகை, ஒரு சொத்துத் தகராறு, ஏதாவது ஒன்று வேண்டாமா? நானும் நண்பர்களும் ஒரு குறும்படத்துக்குக் கதை எழுதிக்கொண்டிருக்கிறோம். நகைச்சுவைதான். வில்லன் ஒரு மில் முதலாளியின் மகன். கூலிங்கிளாஸ், கார், பின்னால் நாலு அல்லக்கைகள். அவன் ஏன் இப்படி ஆனான் என்று ஒரு ஃபிளாஷ்பேக் வைக்கலாமா வேண்டாமா என்பதில் எங்களுக்குள் பெரிய சண்டை. அப்புறம், கதாநாயகன் முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு வரும் அந்த ரயில் காட்சியை எப்படிச் சகித்துக்கொண்டீர்கள்?

ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். சகித்துக்கொள்ளவில்லை. அந்த ரயில் பகுதி முழுக்கவே மோசம். கொரில்லாவை வைத்துச் செய்கிற நகைச்சுவை அதைவிட மோசம். படம் 1983இல் வந்தது, அந்தக் காலம் அப்படி என்று சிலர் சொல்வார்கள். அந்தக் காலத்திலும் அது தப்புதான்.

சரி, டியூக் சகோதரர்களுக்கு வருவோம். படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஃபிலடெல்ஃபியாவில், விளைபொருள்களை மொத்தமாகப் பேரம் பேசி வாங்கி விற்கிற பண்டகச் சந்தையில் தரகு நிறுவனம் நடத்துகிற கோடீஸ்வர அண்ணன் தம்பிகள் ராண்டால்ஃப், மார்ட்டிமர். மனிதனை ஆக்குவது வளர்ப்பு என்கிறார் ராண்டால்ஃப். ரத்தம் என்கிறார் மார்ட்டிமர். வாக்குவாதத்தைத் தீர்க்கத் தங்கள் நிர்வாகி வின்தார்ப்பைத் திருட்டுப் பழி சுமத்தித் தெருவுக்கு அனுப்புகிறார்கள். தெருவில் பிச்சையெடுத்துப் பிழைக்கிற கறுப்பின இளைஞன் பில்லி ரேயை அவன் நாற்காலியில் உட்காரவைக்கிறார்கள். வீடு, கார், வீட்டுப் பணியாளர், எல்லாம் கைமாறுகின்றன. பந்தயத் தொகை ஒரு டாலர்.

பகை வேண்டாமா என்று கேட்கிறீர்கள். பகை வைப்பதற்குக்கூட எதிரில் இருப்பவன் ஒரு ஆளாகக் கண்ணில் பட வேண்டும். டியூக்குகளுக்கு யாருமே அப்படிப் படுவதில்லை. வின்தார்ப் கட்டிக்கொள்ளப்போகிற பெண் அவர்களுக்குப் பேத்தி முறை. சொந்தக் குடும்பத்துப் பெண்ணின் கல்யாணம் நின்றுபோவதை ஒரு வார்த்தை பேசாமல் பந்தயக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். இதில் ஒரு சொத்துத் தகராறைச் செருகினால் அவர்கள் சாதாரணப் பங்காளிகள் ஆகிவிடுவார்கள். பங்காளியைக் கண்டு யார் சிரிப்பார்கள்?

கிளப்பில் வரும் ஒரு சின்னக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். கிறிஸ்துமஸ் நேரம். வெகுகாலமாக அவர்களுக்குப் பரிமாறுகிற முதியவர் எஸ்ரா பானங்களைக் கொண்டுவந்து வைக்கிறார். உன் போனஸை மறந்துவிட்டேன் என்று நினைத்தாயா என்று கேட்டபடி ராண்டால்ஃப் பெருமிதமாக ஐந்து டாலரை நீட்டுகிறார். சினிமாவுக்குப் போகலாம், ஆனால் தனியாகத்தான் போக முடியும் என்று எஸ்ரா முகம் மாறாமல் சொல்கிறார். அப்போது மார்ட்டிமர் அவசரமாகக் குறுக்கிட்டு, அதில் பாதி என்னுடையது என்கிறார். அந்த இரண்டரை டாலருக்குரிய நன்றியும் தனக்கு வந்து சேர வேண்டும்! கிடைக்கவும் செய்கிறது. அதில் நடிப்பே இல்லை. தான் தாராளமானவர் என்று மார்ட்டிமர் உண்மையாகவே நம்புகிறார். காட்சி நம்மைச் சிரிக்கவைப்பது அதனால்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கழிப்பறைக் காட்சி. அலுவலகத்தில் கிறிஸ்துமஸ் விருந்து. பில்லி ரே ஒரு தடுப்புக்குள் இருக்கிறான். வெளியே டியூக்குகள் வருகிறார்கள். ராண்டால்ஃப் ஜெயித்துவிட்டார், மார்ட்டிமர் ஒரு டாலரை எடுத்துக் கொடுக்கிறார். அடுத்து என்ன செய்வது என்ற பேச்சு வருகிறது. கறுப்பன் ஒருவனை நம் குடும்ப நிறுவனத்தை நடத்த விடுவேன் என்று நினைத்தாயா என்று, இங்கே எழுதக் கூசுகிற ஒரு வசையோடு மார்ட்டிமர் கேட்கிறார். நிச்சயமாக இல்லை, நானும் விடமாட்டேன் என்கிறார் ராண்டால்ஃப். இதைச் சொல்கிறவர் யார் பாருங்கள். வாய்ப்புக் கொடுத்தால் யாரும் முன்னேறலாம் என்று வாதாடியவர். அதை நிரூபித்து ஜெயித்தும் காட்டியவர். அந்தக் கொள்கையின் பலன் மட்டும் இன்னொருவனுக்குப் போய்ச் சேரக் கூடாது. இதற்குப் பின்னால் இவர்களுக்கு ஃபிளாஷ்பேக் வைத்து எதைச் சொல்வது?

நடிகர்களைத் தேர்ந்த விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ராண்டால்ஃபாக வரும் ரால்ஃப் பெல்லமி 1930களின் காதல் நகைச்சுவைகளில் கதாநாயகியைக் கோட்டைவிடுகிற நல்லவராக நடித்துப் பேர் வாங்கியவர். மார்ட்டிமராக வரும் டான் அமீச்சி 1939இல் தொலைபேசி கண்டுபிடித்த கிரஹாம் பெல்லாகவே நடித்தவர். கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காரவைக்கிற பெரியவர்களைப் போல இருவருக்கும் சாந்தமான முகம். முறைப்பதில்லை, உறுமுவதில்லை. நம் படங்களில் பணக்கார வீட்டுப் பிள்ளை உள்ளே நுழையும்போதே பின்னணி இசை அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். பாவம், அவனுக்குக் கெட்டவனாக நடந்துகொள்ள அவகாசமே கிடைப்பதில்லை.

நீங்கள் எழுதுகிற மாதிரியான பணக்காரப் பிள்ளையும் இந்தப் படத்தில் இருக்கிறான். வின்தார்ப்தான் அவன். முதல் அரை மணி நேரம் அவனைப் போல எரிச்சலூட்டுகிற ஆள் கிடையாது. கிளப் வாசலில் தற்செயலாக மோதிய பில்லி ரேயைத் திருடன் என்று போலீசில் பிடித்துக்கொடுக்கிறவன் அவன். அவனை நாம் மன்னிப்பது அவன் திருந்துவதால் என்பதை நான் முழுக்க ஒத்துக்கொள்ளமாட்டேன். அடி வாங்குகிறான், அதுதான் விஷயம். வீட்டுப் பணியாளர் கதவைத் திறந்து, நீங்கள் யார் என்று கேட்கிறார். கிளப் நண்பர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். டியூக்குகளுக்கு அந்த வயதில் யாரும் கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கடைசியில் சாத்தப்படுகிறது, நியூயார்க் சந்தையில். ஆரஞ்சு விளைச்சல் பற்றிய அரசாங்க அறிக்கையை முன்கூட்டியே திருடப் பார்க்கிறார்கள். அவர்கள் கைக்கு வருவது வின்தார்ப்பும் பில்லி ரேயும் சேர்ந்து மாற்றிவைத்த பொய் அறிக்கை. விளைச்சல் குறைவு என்று நம்பி ஆரஞ்சுச் சாற்றை வாங்கிக் குவிக்கிறார்கள். பவுண்டு 142 சென்ட் வரை ஏறியபோது வின்தார்ப்பும் பில்லி ரேயும் கையில் இல்லாத சரக்கைப் பின்னால் தருவதாகச் சொல்லி விற்கிறார்கள். உண்மை அறிக்கை வந்து விலை 29 சென்டுக்கு விழுந்ததும் திரும்ப வாங்கிக் கணக்கை நேர் செய்கிறார்கள். டியூக்குகள் உடனே கட்ட வேண்டியது 394 மில்லியன் டாலர். (வெளிவராத அரசாங்கத் தகவலை வைத்துப் பண்டகச் சந்தையில் விளையாடுவதற்கு 2010இல்தான் அமெரிக்காவில் வெளிப்படையான தடை வந்தது. பில்லி ரேயாக நடித்தவரின் பேரால் அதற்கு ‘எடி மர்ஃபி விதி’ என்றே பட்டப்பெயர்.) ராண்டால்ஃப் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிறார். மார்ட்டிமர் சகோதரனைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அவன் கிடக்கிறான் என்று ஒரு கெட்ட வார்த்தையால் தள்ளிவிட்டு, இயந்திரங்களைத் திரும்பப் போடுங்கள் என்று கத்துகிறார். வியாபாரம் முடிந்துவிட்டது என்பதே அவர் மண்டையில் ஏறவில்லை. ஆட்டத்தைத் தன் வசதிக்குத் திரும்ப ஆரம்பிக்கச் சொல்கிற ஐந்து வயதுப் பிள்ளை அந்தக் கோட்டுக்குள் இருப்பது அப்போதுதான் வெளியே தெரிகிறது.

1988இல் இதே இயக்குநர் ஜான் லாண்டிஸ் எடுத்த ‘கமிங் டு அமெரிக்கா’வில் இருவரும் நடைபாதைவாசிகளாக ஒரு நிமிடம் தலைகாட்டுகிறார்கள். இளவரசனாக வரும் எடி மர்ஃபி ஒரு பை நிறையப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். பிரித்துப் பார்த்ததும் ராண்டால்ஃப், மார்ட்டிமர், நாம் திரும்ப வந்துவிட்டோம் என்கிறார். ஐந்து வருடத் தெரு வாழ்க்கைக்குப் பிறகும் அவ்வளவுதான்.

ஆகவே ஃபிளாஷ்பேக் வேண்டாம். அதற்கு ஒதுக்கியிருக்கிற நிமிடங்களை அந்த நாலு அல்லக்கைகளில் ஒருவனுக்குக் கொடுங்கள். மில்காரர் மகன் அவனுக்குத் தீபாவளிக்கு என்ன கொடுக்கிறான், கொடுக்கும்போது என்ன சொல்கிறான், வாங்கிக்கொள்கிறவன் முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறான் என்று எழுதிப் பாருங்கள். கூலிங்கிளாஸையும் கழற்றிவிடுங்கள். திருப்பூர் வெயிலில் அதை எல்லோரும்தான் போட்டிருக்கிறார்கள்.