பச்சப் பட்டு அம்மனும் பழைய எக்ஸ்-மென்னும்: கேள்வி பதில்

ஞாயித்துக்கெழம, ஹட்டன்ல காலைலருந்து விடாத மழை, நான் வேல பாக்குற அச்சு பிரஸ்ஸும் பூட்டு. மார்வெல் கம்பெனியோட பழைய எக்ஸ்-மென் காமிக்ஸ் இதழ்கள்ல கண்ணுல குத்துற விசயம் எதுன்னாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், கேள்வி குமிஞ்சு போய்க் கெடக்கு. 1963லருந்து 80கள் வரைக்கும் நமக்கு ஓரளவு அத்துபடி, அதுக்குப் பொறவு உள்ளது மேலோட்டமாத்தான். சரி, வாங்க.

கபில் (மஸ்கெலியா): அண்ணே, வுல்வரின் நகம் கைக்குள்ளருந்து வருதா, கிளவுஸ்லருந்து வருதா? பழைய இதழ்ல பாத்தா கிளவுஸ் மாதிரித்தான் தெரியுது.

கரெக்டாத்தான் பாத்துருக்க தம்பி. 1974ல ஹல்க்ங்கிற காமிக்ஸோட 180ஆவது இதழ்ல, கடைசி கட்டத்துல எட்டிப் பாத்து, 181ல சண்டைக்கு வர்றப்ப, எழுதுன லென் வைன் மனசுல அது கிளவுஸ்ல உள்ள சாமான்தான். 1976ல எக்ஸ்-மென் 98ல எதிரிக கிட்ட மாட்டி, உடுப்பக் கழட்டுன பொறவு வெறுங்கைலருந்து நகம் வருது. இதுல கெட்டித்தனம் என்னான்னா, அதுக்கு முன்ன எந்த இதழ்லயும் அவர் கிளவுஸ் இல்லாம நகத்த நீட்டுன படம் கெடையாது, அதனால பழசு எதுவும் பொய்யாகல, காட்டாததக் காட்டுனாங்க அவ்வளவுதான். 1993ல உலோகத்த ஆட்டி வெக்கிற வில்லன் மேக்னீட்டோ அவர் உடம்புல உள்ள உலோகத்த உருவி எடுத்த பொறவு, உள்ள எலும்பு நகம் இருந்துச்சுன்னு ஒரு திருப்பம் வெச்சாங்க பாரு, அது எனக்குப் புடிக்கல. அதுவரைக்கும் நகமே வெளிய இருந்து வெச்சதுன்னுதானே எல்லாரும் நெனச்சிருந்தோம்.

ஷர்மி (பண்டாரவளை): அண்ணா, ஒரு விசயம் மாறி இருந்தா அது பிரிண்ட் பிழையா, வேணும்னே வெச்ச குறிப்பான்னு எப்படிப் பிரிச்சுப் பாக்குறது?

தங்கச்சி, இன்னைக்கு வந்ததுல நல்ல கேள்வி இதான், கொஞ்சம் நீளமாச் சொல்றேன்.

தோட்டத்துல செக்ரோல் தெரியும்தானே, வேலைக்கு வந்தவங்க பேரு பதியுற புத்தகம். ஒருத்தங்களுக்கு ஒரு நாள் பேரு விடுபட்டா அது கணக்கப்புள்ளயோட கைப்பிழை. ஒரே ஆளுக்கு தொடர்ந்து பத்து நாள் விடுபட்டா அதுல ஏதோ சமாச்சாரம் இருக்கு. காமிக்ஸும் அதே கணக்குத்தான், ஒரு கட்டத்துல பூட்ஸ் மஞ்சளா இருந்து அடுத்த கட்டத்துல நீலம்னா கலர் போட்டவங்க தூங்கிட்டாங்கன்னு விட்டுரு, அடுத்த இதழும் அத ஞாபகம் வெச்சிருந்தா மட்டும் கொப்பில எழுதி வை.

ஆனா இதுல மூணாவது ஒரு வகை இருக்கு, பிழையாப் பொறந்து கதையா வளர்றது. எங்க பிரஸ்ல நடந்ததச் சொல்றேன். ஒரு கோயில் திருவிழா நோட்டீஸ், 500 அடிக்கணும், எங்க மெஷின்ல ஒரு ஓட்டத்துக்கு ஒரு கலர்தான். நான் மெஜென்டா (ரோஸ்) பிளேட்டுக்கு சியான் (நீலம்) மை போட்டு, சியான் பிளேட்டுக்கு மெஜென்டா போட்டு ஓட்டிட்டேன், அடிச்சு முடிச்சு லைட்டுல புடிச்சுப் பாத்தா அம்மனோட செவப்புப் பட்டு நல்ல கிளிப்பச்சை, பின்னால வானம் ரோஸ் கலர். முகம் மட்டும் மஞ்சப் பூசுன மொகமானதால அவ்வளவா காட்டிக் குடுக்கல. திரும்ப அடிக்க நேரமில்ல. கோயில் கமிட்டி தலைவர் வந்து நோட்டீஸ ஒரு நிமிசம் பாத்தாரு, எனக்கு வயித்தக் கலக்குது, அவரு மெதுவா "இந்த வருசம் அம்மனுக்கு பச்சப் பட்டு சாத்துறோம்"னாரு. சாத்துனாங்க. அடுத்த வருசமும் பச்சைதான். இப்ப சின்னப் புள்ளைகளக் கேட்டா ஆதிலருந்து பச்சைதான்னு அடிச்சுச் சொல்லுதுக.

மார்வெல்ல இந்த மாதிரி பச்சப் பட்டு எக்கச்சக்கம். 1975 ஜயன்ட்-சைஸ் எக்ஸ்-மென் அட்டைய வரைஞ்ச கில் கேன், வுல்வரின் முகமூடில காது மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குறத தவறுதலா பெருசாப் போட்டுட்டாரு, உள்பக்கம் வரைஞ்ச டேவ் காக்ரம் அதப் பாத்து "இது நல்லாருக்கே"ன்னு தன்னோட பக்கங்களயும் அப்படியே மாத்திட்டாரு, இன்னைக்கு வரைக்கும் அதான் அவரோட அடையாளம். ஹல்க் 1962ல முதல் இதழ்ல சாம்பல், அந்தச் சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் வேற வேற மாதிரி விழுந்ததால ரெண்டாவது இதழ்லருந்து பச்சை, 1986ல அந்தச் சாம்பல் ஹல்க்க திரும்பக் கொண்டாந்து அதையே கதையாக்கிட்டாங்க. மெஷின் பக்கத்துல நின்னவன்ங்கிறதால சொல்றேன், நாலு கலர்ல சாம்பல் புடிக்கிறது சும்மா விசயமில்ல. 1964ல எழுத்தாளர் ஸ்டான் லீ, ஹல்க்கா மாறுற ஆளோட புரூஸ் பேனர்ங்கிற பேர மறந்து பாப் பேனர்னு எழுதிட்டு, வாசகர்கள் புடிச்ச பொறவு "முழுப் பேரு ராபர்ட் புரூஸ் பேனர்"னு கமிட்டித் தலைவர் மாதிரியே முடிச்சு வெச்சாரு.

ஷர்மி: அப்ப அடுத்த இதழே மறந்துட்ட பெரிய விசயம் ஏதும் இருக்கா?

எக்ஸ்-மென் மூணாவது இதழ், 1964 ஜனவரி. டீமோட வாத்தியார் புரொபசர் சேவியர் மனசுக்குள்ள ஜீன் மேல காதல்னு நெனைக்கிறாரு, படிக்கிற புள்ள மேல! எழுதுனவங்களே அடுத்த இதழ்லயே கைய கழுவிட்டாங்க. நானும் செக்ரோல் பிழைன்னு தள்ளி வெச்சிருந்தேன், 32 வருசம் கழிச்சு 1996ல ஆன்ஸ்லாட் கதைல அத அப்படியே தோண்டி எடுத்துட்டாங்க. ஆக நான் சொன்ன கணக்கும் சில நேரம் பிசகும்.

தினேஷ் (தலவாக்கலை): மருதானைல பழைய புத்தகக் கடையில 80ஆவது இதழ் எடுத்தேன் அண்ணே. இந்தக் கதைய ஏற்கனவே ஒரு பழைய இதழ்ல படிச்ச மாதிரி இருக்கு, அது எப்படி?

ஏமாத்தல தம்பி, மறுபதிப்பு. விற்பனை சரியில்லாம 1970 தொடக்கத்துல 66ஓட புதுக் கதைய நிப்பாட்டிட்டு, அந்த வருசக் கடைசில ஆரம்பிச்சு 67லருந்து 93 வரைக்கும் பழைய கதையவே திரும்பப் போட்டாங்க. 1975ல 94லதான் புது டீமோட தொடர் திரும்ப ஓடுது. அந்த 27 இதழையும் வெச்சு காலக்கணக்குப் போட்டா தல சுத்தும்.

நிரோஷா (நுவரெலியா): பீஸ்ட் எப்ப நீலமானாரு?

இவரும் பழைய எக்ஸ்-மென் டீம் ஆளுதான். 1972ல உடம்பெல்லாம் முடி மொளச்சப்ப சாம்பல், பொறவு கருப்பு. அந்தக் காலத்துல கருப்புக்கு மினுக்கம் காட்ட நீலத்தத்தான் தொடுவாங்க, தொட்டுத் தொட்டு கடைசில ஆளே நீலம்.

யோகா (கொட்டகலை): மாமா, ஜீன் கிரே செத்து 6 வருசம் கழிச்சு "அது ஜீனே இல்ல"ன்னு சொன்னது அநியாயம்தானே? நான் படிச்சு அழுதது சும்மாவா?

மருமகளே, அநியாயம்தான், ஆனா கெட்டித்தனமான அநியாயம். 1980ல 135ஆவது இதழ்ல, பீனிக்ஸ் சக்தி ஏறி கெட்டவளா மாறுன ஜீன், அதான் டார்க் பீனிக்ஸ், ஒரு சூரியனத் தின்னு, அதச் சுத்துன கிரகத்துல 500 கோடி உசுரு போகுது. எழுதுன கிளேர்மான்ட்டும் வரைஞ்ச பைர்னும் முதல்ல ஜீனோட சக்திய மட்டும் எடுத்துட்டு உசுரோட விடத்தான் இருந்தாங்க. தலைமை எடிட்டர் ஜிம் ஷூட்டர், இத்தன பேரக் கொன்னுட்டு வீட்டுக்குப் போக ஏலாதுன்னு நிக்க, 137ல அவ சாகுறா. அந்தப் பழைய முடிவையும் 1984ல தனியா போட்டாங்க.

1986ல 1963 டீமோட ஐஞ்சு பழைய ஆளுகளையும் சேத்து எக்ஸ்-ஃபேக்டர்னு புது டீம் ஆரம்பிக்கணும், ஜீன் வேணும், ஆனா 500 கோடி பாவத்தோட வேணாம். என்ன பண்ணுனாங்க? நியூயோர்க்ல உள்ள ஜமைக்கா பே தண்ணிக்கு அடில ஒரு கூடு, உள்ள உசுரோட ஜீன், இத்தன நாளு நடமாடுனது அவ உருவத்த எடுத்த பீனிக்ஸ் சக்தின்னுட்டாங்க.

இப்ப நீ 101ஆவது இதழ எடு, 1976. விண்கலம் அதே ஜமைக்கா பேல விழுந்து மூழ்குது, எல்லாரும் நீந்தி வர்றாங்க, அவ மட்டும் தண்ணியப் பொளந்துகிட்டு மேல எழும்புறா. ரெண்டு விசயம் பாரு. ஒண்ணு, பச்சையும் தங்கமுமா புத்தம் புது உடுப்பு, கலத்த ஓட்டுறப்ப அது கெடையாது, யாரு தச்சுக் குடுத்தா? ரெண்டு, நீங்க அறிஞ்ச பொண்ணு நான் இனி இல்லன்னு அவளே வாயத் தொறந்து சொல்றா. 1976ல அது வீர வசனம். 1986க்குப் பொறவு படிச்சா அச்சொட்டா வாக்குமூலம். எழுதுறப்ப கிளேர்மான்ட் மனசுல அப்படி ஒண்ணும் இல்ல, பத்து வருசம் கழிச்சு வேற ஆளுக வந்து அந்த வரில கொக்கி மாட்டுனாங்க. நீ அழுதது சும்மா இல்ல புள்ள, 137அ மூடி வெச்சுட்டு 1986 பக்கம் போகாம இருக்குறவங்களும் இருக்காங்க, நானே பாதி நாள் அந்தக் கட்சிதான்.

ரமேஷ் (அப்புத்தளை): மேக்னீட்டோ ஹிட்லர் முகாம்ல தப்புனவர்னா இப்ப வயசு என்ன ஆகணும்?

இதுக்கு ஒரு அழகான பழைய மருந்து இருக்கு. 1974ல டிஃபென்டர்ஸ்ங்கிற இன்னொரு தொடரோட 16ஆவது இதழ்ல அவரக் கைக்குழந்தையாவே மாத்திட்டாங்க, 1977ல எக்ஸ்-மென் 104ல திரும்ப வாலிபனா ஆக்குனாங்க. அந்த அவுஷ்விட்ஸ் முகாம் கதை வந்ததே 80கள்லதான், ஆனா வயசுக் கணக்கு அதுக்கு முன்னயே தானா சரியாகி இருந்துச்சு. அதிர்ஷ்டம்.

சுதா (நோர்வூட்): 1981ல வந்த கதைல 2013ல எல்லாரும் செத்துருவாங்கன்னு இருக்கே, 2013 போயிருச்சே?

அது தடுக்கப்பட்ட எதிர்காலம் அக்கா, தப்பிச்சோம்னு வெச்சுக்குங்க. 141ஆவது இதழ் அட்டைல சுவர்ல ஒட்டுன போஸ்டர மட்டும் நிதானமாப் பாருங்க, யாரு செத்தது யாரு புடிபட்டதுன்னு ஒவ்வொரு முகத்துக்கு மேலயும் முத்திரை குத்தியிருக்கு. கதை பாதி அங்கயே முடிஞ்சிருச்சு.

பெரியவர் ஒருத்தர் (மகன் போன்லருந்து): இரும்புக்கை மாயாவி கரண்ட் புடிச்சா மறைஞ்சுருவாரு, சட்டை எப்படி தம்பி மறையுது?

ஐயா, அத மட்டும் கேக்கக் கூடாது.

தினேஷ்: அண்ணே, பிழை புடிச்சா மார்வெல்ல பரிசு குடுத்தாங்களாமே, உண்மையா?

நோ-பிரைஸ்னு பேரு. பொறவு பொறவு அதுக்கு ஒரு நிபந்தனையும் வந்துச்சு, பிழையப் புடிச்சா மட்டும் பத்தாது, அது ஏன் பிழையே இல்லன்னு நீயே விளக்கமும் எழுதணும். தபால்ல கவர் வரும், வெளிய வாழ்த்து அச்சடிச்சிருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. வெறும் கவர்.

ஷர்மி: அண்ணா, ஒண்ணு புடிச்சிட்டேன். மேல 98ஆவது இதழ் பத்திச் சொன்னீங்கதானே, என்கிட்ட உள்ளதுல அட்டைல ஏப்ரல் 1976னு இருக்கு, ஆனா கதை கிறிஸ்மஸ்ல தொடங்குது. முதல்ல பிழைன்னு நெனச்சேன். கடைக்காரங்க பழசுன்னு சீக்கிரம் தூக்கிறக் கூடாதுன்னு அட்டைல ரெண்டு மூணு மாசம் முன்னாலயே தேதி போட்டிருப்பாங்க, புத்தகம் பண்டிகை முடிஞ்ச கையோடதான் வந்திருக்கும், சரியா?

அப்படியே அச்சு அசல் சரி, நான் சொல்ல வேண்டியத நீயே சொல்லிட்ட. அட்டை மாசம் விக்கிற மாசம் இல்ல, கடையிலருந்து எடுக்குற மாசம்னு வெச்சுக்க. நாளைக்கு பிரஸ் தொறந்ததும் ஒரு கவர் அடிச்சு பண்டாரவளை போற யார்கிட்டயாவது குடுத்து விடுறேன். பிரிச்சுப் பாத்துட்டு ஏசக் கூடாது.