படை சூழ்ந்த நாட்டில் ஒரு பொதுத்தேர்தல்

கேள்வி: நாட்டுக்குள் எதிரிப் படை நிற்கும்போது ஓர் இடைக்கால அரசு பொதுத்தேர்தல் நடத்தியதுண்டா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: உண்டு. பிரான்ஸ், 1871 பிப்ரவரி 8. முந்தைய செப்டம்பரில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் செடானில், ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் படையிடம் சரணடைந்தார். செப்டம்பர் 4-ல் பாரிஸில் குடியரசு அறிவிக்கப்பட்டு, ஜெனரல் த்ரோஷு தலைமையில் ‘தேசப் பாதுகாப்பு அரசு’ பொறுப்பேற்றது. மக்கள் தேர்ந்தெடுக்காத அரசு என்பதால், தேர்தலை முதலில் அக்டோபர் 16 என்றார்கள். பிறகு அக்டோபர் 2-க்கே கொண்டுவந்தார்கள். அதற்குள் பாரிஸ் முற்றுகைக்குள் போனது. வெளியுறவு அமைச்சர் ஃபாவ்ர் போர்நிறுத்தம் கேட்டுப் போனபோது, ஸ்ட்ராஸ்பூர்க் உள்ளிட்ட கோட்டைகளை விலையாகக் கேட்டார் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க். பேச்சு முறிந்தது, தேர்தலும் நின்றது.

போர்நிறுத்தம் இல்லாமல் தேர்தல் ஏன் முடியாது? அன்றைய சட்டப்படி வாக்குப்பதிவு ஊருக்கு ஊர் கிடையாது. பல ஊர்களுக்குப் பொதுவான வட்டத் தலைநகருக்கு வாக்காளர் நடந்து போக வேண்டும். வழியில் எதிரிக் காவல் நின்றால் யார் போவார்கள்? வேட்பாளர் பட்டியல் போவதும், முடிவு திரும்பி வருவதும் அதே சாலையில்தான்.

பாரிஸில் உணவு தீர்ந்த பிறகு, 1871 ஜனவரி 28-ல் 21 நாள் போர்நிறுத்தம் கையெழுத்தானது. போரா சமாதானமா என்று முடிவெடுக்கும் சபையைத் தேர்ந்தெடுக்க அவகாசம் தருவதே அதன் நோக்கம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். ஜெர்மன் தளபதிகள் வாக்குப்பதிவுக்கு வசதி செய்துதர வேண்டும் என்பதும் அதில் இருந்தது. பிரசாரத்துக்குப் பத்தே நாள். ஜெர்மனியில் சிறைப்பட்டிருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு வாக்களிக்க வழியே இல்லை.

கேள்வி: பிஸ்மார்க் தேர்தலில் தலையிட்டாரா? (வாசகர், கோவை)

பதில்: ஒரு விஷயத்தில் வெளிப்படையாகவே. பாரிஸுக்கு வெளியே போர்தோ நகரிலிருந்த உள்துறை அமைச்சர் கம்பெத்தா, மூன்றாம் நெப்போலியன் ஆட்சியின் முன்னாள் அமைச்சர்களும் அந்த ஆட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர்களாக நின்றவர்களும் போட்டியிடக் கூடாது என்று ஆணையிட்டார். சுதந்திரமான தேர்தல் என்ற ஒப்பந்தத்துக்கு இது முரண் என்று பிஸ்மார்க் எதிர்ப்புத் தெரிவித்தார். பாரிஸ் அரசு ஆணையை ரத்து செய்தது. கம்பெத்தா பிப்ரவரி 6-ல் பதவி விலகினார். அவர்களைத் தேர்தலிலிருந்து விலக்க நினைத்ததே தவறு என்பது என் கருத்து. ஆனால் அதைச் சொல்லும் உரிமை எதிரியிடம் போய்ச் சேர்ந்ததுதான் பெரிய இழப்பு.

கேள்வி: எங்கள் புதுச்சேரிக்கு அந்தச் சபையில் இடம் இருந்ததா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: இருந்தது. பிரெஞ்சிந்தியாவுக்கு ஓர் இடம். 1871-ல் தெபாசேன் தெ ரிஷ்மோன் அதன் பிரதிநிதியானார்.

கேள்வி: முடிவு மக்கள் மனதைக் காட்டியதா? (வாசகர், மதுரை)

பதில்: கேட்ட கேள்விக்கு மட்டும் காட்டியது. மாவட்டத்துக்கு ஒரு பட்டியல் என்ற முறை. ஒருவரே பல மாவட்டங்களில் நிற்கலாம். சமாதானத்தின் முகமான தியேர் 26 மாவட்டங்களில் வென்றார். குடியரசுவாதத் தலைவர்கள் பலர் போரைத் தொடரச் சொன்னதால், சமாதானம் வேண்டிய கிராமத்தார் முடியாட்சியாளர் பட்டியலுக்கு வாக்களித்தார்கள். சபையில் பெரும்பான்மை அவர்களுக்கே. மார்ச் 1-ல் 546-க்கு 107 என்ற வாக்கில் சமாதான முன்ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. எல்லைப் பகுதியான அல்சாஸ் ஜெர்மனிக்குப் போனது, லொரேனில் ஒரு பகுதியும் போனது. அந்தப் பகுதிகளின் பிரதிநிதிகள் எதிர்ப்பறிக்கை வாசித்துவிட்டு வெளியேறினார்கள்.

சமாதானம் கிடைத்த பின், ஜூலை 2-ல் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு இடைத்தேர்தல் நடந்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றைக் குடியரசுவாதிகள் வென்றார்கள்.