திரவ நைட்ரஜனை வீட்டுப் பிளாஸ்கில் கொண்டு வரலாமா?

கேள்வி: எங்களிடம் எட்டுக் கறவை மாடுகள் உள்ளன. உறைவிந்துக் குச்சிகளை (காளையின் விந்தை உறையவைத்து அடைத்த மெல்லிய குழாய்களை) நாங்களே வாங்கி வைத்துக்கொண்டு, பருவம் தப்பாமல் சினை ஊசி போட ஏற்பாடு செய்ய எண்ணுகிறோம். அவற்றைத் திரவ நைட்ரஜனில் அமிழ்த்தி வைப்பதற்கான கேனின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. தெர்மாஸ் பிளாஸ்கே இதுபோன்ற குளிர்ந்த திரவங்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதுதான் என்று படித்தேன். அப்படியானால், 2 லிட்டர் திரவ நைட்ரஜனை வீட்டில் இருக்கும் ஸ்டீல் பிளாஸ்கில் ஊற்றிக் காரில் கொண்டு வருவதில் என்ன தவறு?

பதில்: தயவுசெய்து கொண்டு வராதீர்கள். கால்நடை பராமரிப்புத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அந்தக் காலம் முழுவதும் திரவ நைட்ரஜன் நிரம்பிய கேன் ஒன்று என் மேசைக்கு அருகிலேயே இருந்தது. ஆகவே 'ஆபத்து' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்த ஆபத்து உங்கள் பிளாஸ்கின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட விரும்புகிறேன். என்னிடம் கேட்கும் எல்லோரும் குளிரைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். எனக்கோ முதலில் அந்த மூடியைப் பற்றித்தான் கவலை.

நீங்கள் படித்தது உண்மைதான். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் டிவார் 1892ஆம் ஆண்டில் இரட்டைச் சுவர்களுக்கு இடையே வெற்றிடம் கொண்ட குடுவையைச் செய்தது, திரவமாக்கப்பட்ட வாயுக்களை வைத்து ஆராய்வதற்காகத்தான். ஆனால் அவருடைய குடுவையின் வாய் திறந்திருந்தது. அதே அமைப்புக்கு உலோக உறையும் இறுக்கமான மூடியும் சேர்த்து, காப்பியையும் பாலையும் சூடு ஆறாமல் வைத்துக்கொள்ளும் வீட்டுப் பொருளாக 'தெர்மாஸ்' என்ற பெயரில் விற்கத் தொடங்கியது ஜெர்மனியில், 1904ஆம் ஆண்டில். டிவாருடைய குடுவைக்கும் உங்கள் வீட்டுப் பிளாஸ்குக்கும் இடையே உள்ள முக்கியமான வேறுபாடு அந்த மூடிதான். காப்பியை அது காக்கிறது. திரவ நைட்ரஜனை ஊற்றினால் அதே மூடி பிளாஸ்கை ஒரு வெடிகுண்டாக்கிவிடுகிறது. இத்தனைக்கும் டிவாருடைய ஆய்வகத்திலேயே வெடிப்புகள் நேர்ந்து, அவருடைய உதவியாளர்கள் இருவர் ஆளுக்கொரு கண்ணை இழந்திருக்கிறார்கள்.

திரவ நைட்ரஜனின் கொதிநிலை −196 டிகிரி செல்சியஸ். நம் ஊரில் சாதாரணமான 35 டிகிரி வெப்பம் என்பது அதற்கு 231 டிகிரி அதிகம். நம் வீட்டுத் திண்ணையே அதற்கு எரிகின்ற அடுப்பு. எனவே அது எந்தப் பாத்திரத்தில் இருந்தாலும் ஓயாமல் கொதித்துக்கொண்டே இருக்கும். வெற்றிடச் சுவர் அந்தக் கொதிப்பின் வேகத்தைக் குறைக்கிறதே தவிர நிறுத்துவதில்லை. ஒரு லிட்டர் திரவம் முழுவதும் ஆவியானால், அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 700 லிட்டர் வாயு உண்டாகிறது. அந்த 700 லிட்டரும் ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள மூடிய பிளாஸ்குக்குள்ளேயே அடைபட்டிருக்க வேண்டுமானால், அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் சில நூறு மடங்காக உயர வேண்டும். அடுப்பில் இருக்கும் பிரஷர் குக்கரின் உள்ளே வெளிக்காற்றைவிட ஒரு மடங்கு அழுத்தம்தான் கூடுதலாக உள்ளது. அதற்கே வெயிட்டும், வெயிட் அடைத்துக்கொண்டால் உருகி வழிவிடும் பாதுகாப்பு வால்வும் தேவைப்படுகின்றன. உங்கள் பிளாஸ்கில் இவை இரண்டுமே இல்லை. சில நூறு மடங்கு வரை அது காத்திருக்கவும் போவதில்லை. அதற்கு வெகு முன்பே மூடியோ கழுத்தோ உடலோ, எது முதலில் பலவீனப்படுகிறதோ அது பறந்துவிடும்.

"இறுக்க மூடாமல் லேசாகத் திருகி வைத்தால் போதாதா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒரு கிளை நிலையத்தில் என்னோடு பணியாற்றிய கால்நடை ஆய்வாளர் ஒருவரும் அப்படித்தான் நினைத்தார். ஐப்பசி மாதம், நல்ல மழை. அவருடைய கேன் வெளிப்புறம் முழுவதும் வியர்த்து, கழுத்தைச் சுற்றி வெண்பனி படிந்திருந்தது. வெற்றிடம் போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம். மாற்றுக் கேன் வர மறுநாள் ஆகும் என்றதால், குச்சிகளைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தில், வீட்டிலிருந்து கண்ணாடிக் குடுவை உள்ள பிளாஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார். கண்ணாடி விரிசல் விடாதபடி சிறிது சிறிதாக ஊற்றிக் குளிரவைத்து, குச்சிகளை உள்ளே இறக்கி, மூடியை இரண்டே சுற்றுத் திருகி அலமாரியில் வைத்தார். புகை மெல்ல வெளியேறிக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன். பார்த்தும் தடுக்கவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. கால் மணி நேரத்துக்குப் பிறகு புகை நின்றுவிட்டது. அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவர் கை கழுவக் குழாயடிக்குச் சென்றார். சற்று நேரத்தில் அறையே அதிரும்படி ஒரு சத்தம் கேட்டது. உள்ளே சென்று பார்த்தால் மேலே இருந்த கல்நார் ஓடு உடைந்திருந்தது, அலமாரியின் மரப்பலகையில் கண்ணாடிச் சில்லுகள் ஊசிபோல் இறங்கியிருந்தன. எதிர்ச்சுவரின் சுண்ணாம்புப் பூச்சிலிருந்து சில்லுகளைப் பொறுக்கி எடுக்க மறுநாள் காலை முழுவதும் ஆயிற்று. அலமாரிக்கு எதிரே இருந்த நாற்காலி அவர் வழக்கமாக அமர்ந்து பதிவேடு எழுதும் நாற்காலி.

நடந்தது என்னவென்று பின்னர் நிதானமாக யோசித்தபோது புரிந்தது. லேசாகத் திருகிய மூடியின் மரைகளுக்கு இடையே வெளியேறும் ஆவி அந்த இடத்தைக் கடுமையாகக் குளிர்விக்கிறது. மழைக்காலக் காற்றின் ஈரம் அங்கே படிந்து பனிக்கட்டியாக உறைகிறது. இடைவெளி மெல்ல மெல்ல அடைபட்டு, கடைசியில் பனிக்கட்டியே ஓர் இறுக்கமான அடைப்பானாகிவிடுகிறது. புகை நின்றது என்றால் வழி அடைபட்டது என்று பொருள். அது அடங்கிய அறிகுறி அன்று. கடற்கரை மாவட்டங்களிலும் மழை நாட்களிலும் இது இன்னும் விரைவாக நடக்கும். குறுகிய கழுத்துள்ள எந்தப் பாத்திரத்துக்கும் இது பொருந்தும், ஸ்டீல் பிளாஸ்க் உட்பட.

வெளியேறும் வழி அடைபட்டால் வலிமையான பாத்திரமும் தாங்காது. 2006 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக வேதியியல் கட்டடத்தில், இதற்கென்றே செய்யப்பட்ட பெரிய திரவ நைட்ரஜன் உருளை ஒன்று அதிகாலையில் வெடித்து, மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு சென்றது. அதில் இருக்க வேண்டிய அழுத்த விடுவிப்பு அமைப்புகளை முன்பு யாரோ கழற்றிவிட்டுப் பித்தளை அடைப்பான்களால் மூடியிருந்தார்கள். அந்த நேரத்தில் ஆட்கள் இல்லாததால் உயிர்கள் தப்பின.

மற்ற வீட்டுப் பாத்திரங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் வாளியும் குடமும் இந்தக் குளிரில் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையை அடைந்து, ஊற்றிக்கொண்டிருக்கும்போதே விரிசல் விட்டுக் காலில் கொட்டிவிடும். இரும்பு வாளியும் நம்பத்தக்கதன்று. சாதாரண இரும்பு மிகுந்த குளிரில் தன் உறுதியை இழந்து, ஒரு தட்டில் உடையக்கூடும். துருப்பிடிக்காத எஃகு இந்தக் குளிரைத் தாங்கும் என்பது சரியே. ஆனால் உங்கள் ஸ்டீல் பிளாஸ்கின் மூடி பிளாஸ்டிக், அதன் வளையம் ரப்பர். குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி மூடுவதைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தெர்மாகோல் பெட்டி சிறிது நேரம் தாங்கும். ஆய்வகங்களில் மேசை மீது வைத்து அதைப் பயன்படுத்துவதும் உண்டு. ஆயினும் மேலே திறந்திருக்கும் அந்தப் பெட்டியை மேடுபள்ளமான சாலையில் கொண்டு செல்ல முடியாது.

அடுத்து, கார். மூடாமல் கொண்டு வந்தால் பிளாஸ்க் வெடிக்காது, ஆனால் ஆவியாகும் நைட்ரஜன் அனைத்தும் காருக்குள்ளேயே வரும். சிறிய காரின் உட்புறக் கொள்ளளவு சுமார் 3,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிகளை ஏற்றி ஏ.சி. போட்டிருக்கும் நிலையில், திடீர் பிரேக்கில் பிளாஸ்க் கவிழ்ந்து 2 லிட்டரும் கொட்டினால், ஏறத்தாழ 1,400 லிட்டர் நைட்ரஜன் உண்டாகி அந்த அளவுக்குக் காற்றை வெளியே தள்ளுகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு, அது 19.5க்குக் கீழே இறங்கினாலே தொழிற்கூடங்களில் ஆபத்தான நிலையாகக் கருதுகிறார்கள். இங்கேயோ 13 விழுக்காட்டுக்கோ அதற்கும் கீழாகவோ அது விழலாம். மூச்சுத் திணறி நாம் எச்சரிக்கை அடைவோம் என்று எண்ணக் கூடாது. மூச்சு முட்டும் உணர்வை நமக்குத் தருவது பெரும்பாலும் உடலில் சேரும் கரியமில வாயுதான். நைட்ரஜன் நிறைந்த காற்றிலும் நாம் அதை வழக்கம்போல் வெளியேற்றிக்கொண்டே இருப்பதால், ஆக்சிஜன் குறைவது தெரிவதே இல்லை. நிறமும் மணமும் அற்ற வாயு அது. வண்டி ஓட்டுபவருக்கு முதலில் தடுமாறுவது அறிவுதான். நாம் காணும் வெண்புகை காற்றின் ஈரம் உறைந்ததே. புகை மறைந்த பிறகும் நைட்ரஜன் அங்கேயே இருக்கும். குளிர்ந்த நைட்ரஜன் காற்றைவிடக் கனமானது என்பதால் தாழ்வான இடங்களில் தங்கும். இருக்கைக்குக் கீழே படுத்துறங்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். 2021இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கோழி இறைச்சித் தொழிற்சாலையில் திரவ நைட்ரஜன் கசிந்து ஆறு பேர் இறந்தனர்.

குளிர்ப்புண்ணைப் பற்றி, எல்லோரும் அறிந்ததுதான் என்பதால், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு துளி வெறுந்தோலில் பட்டு உருண்டு ஓடினால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. சூடான தோசைக்கல்லில் தெளித்த நீர் உருண்டோடுவதுபோல், துளிக்கும் தோலுக்கும் இடையே ஆவிப்படலம் ஒன்று உண்டாகி நொடிப்பொழுது காக்கிறது. இதைச் செய்து காட்டுபவர்களைப் பார்த்துத்தான் பலர் துணிந்துவிடுகிறார்கள். அதே திரவம் சட்டைக் கையிலோ காலணிக்குள்ளோ தேங்கிவிட்டால் தீக்காயம்போல் சதையை ஆழமாக அழித்துவிடும். அதனால் கையுறை தளர்வாக, உடனே உதறிக் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். கால்சட்டை காலணிக்கு வெளியே தொங்க வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். நம் பண்ணைகளில் செருப்புக் காலோடு கேனை நிரப்புவதைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் பதறும். குளிர்ப்புண் ஏற்பட்டால் தேய்க்கக் கூடாது, தீயில் காட்டக் கூடாது. உடல் வெப்பமுள்ள வெதுவெதுப்பான நீரில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இனி, கேனின் விலை. 3 லிட்டர் கிரையோகேனைத் தூக்கிப் பார்த்தால் வெறும் அலுமினியக் குடம்போல்தான் தோன்றும். அதன் உள்கலம் வெளிக்கலத்தின் சுவரை எங்கும் தொடுவதில்லை. வெப்பத்தை மிகக் குறைவாகக் கடத்தும் கண்ணாடியிழைக் கழுத்து ஒன்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இடையே உயர்ந்த வெற்றிடமும், அடுக்கடுக்கான பளபளப்புத் தாள்களும் உள்ளன. மேலே இருக்கும் தக்கை திருகி மூடுவதன்று. ஆவி எப்போதும் வெளியேறும்படி தளர்வாக அமர்ந்திருப்பது, மரையே இல்லாதது. நீங்கள் பணம் கொடுப்பது அந்தக் கழுத்துக்கும் தக்கைக்கும்தான். அந்தக் கழுத்தே அதன் பலவீனமும் ஆகும் என்பதால், கேனைச் சாய்க்கவோ படுக்க வைக்கவோ கூடாது. வண்டியில் நிமிர்த்தி வைத்துக் கட்டி, அடியில் மெத்தென்று ஏதாவது போட்டு, திறந்த சரக்கு வண்டியிலோ கண்ணாடிகளை இறக்கிய காரிலோ கொண்டு வர வேண்டும். அளவு பார்ப்பதற்கு மரக்கோல் போதும். வெளியே எடுத்துக் காற்றில் அசைத்தால் அதன் மேல் பனி படியும் உயரமே திரவத்தின் அளவு. உள்ளீடற்ற குழாயை விட்டால் திரவம் அதன் வழியாக முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

உங்கள் நோக்கத்தின்படி பார்த்தாலும் பிளாஸ்க் பயன்படாது. கிரையோகேனில் வாரக்கணக்கில் நிற்கும் திரவம் வீட்டுப் பிளாஸ்கில் வெகு விரைவில் தீர்ந்துவிடும். திரவம் வற்றி வெப்பம் ஏறிய குச்சியிலுள்ள விந்தணுக்கள் இறந்துவிடும். வெளித்தோற்றத்திலோ எந்த மாற்றமும் தெரியாது. அந்தக் குச்சியால் ஊசி போட்டு, மூன்று வாரம் கழித்து மாடு மீண்டும் பருவத்துக்கு வரும்போது, பழி மாட்டின் மேல் விழும். எட்டு மாடுகளுக்கு நீங்கள் திரவ நைட்ரஜன் வைத்திருக்க வேண்டிய தேவையே இல்லை. பருவ அறிகுறியைக் காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடும்படி, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ பால் கூட்டுறவுச் சங்கத்தின் கருவூட்டல் பணியாளருக்கோ சொல்லி அனுப்பினால், அவர்கள் தங்கள் கேனோடு வருவார்கள். பண்ணை வளர்ந்து கேன் அவசியமானால், அக்கம்பக்கத்துப் பண்ணையாளர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒன்றை வாங்குங்கள்.

இந்தப் பதிலைப் படிப்பதற்கு முன்பே பிளாஸ்கில் ஊற்றிக் கொண்டு வந்துவிட்டீர்கள் என்றால், மூடி இப்போது திறந்திருக்கிறதா என்று மட்டும் தள்ளி நின்று பாருங்கள். திறந்திருந்து, ஆவியும் தடையின்றி வந்துகொண்டிருந்தால், காற்றோட்டமான வெளியிடத்தில் பிளாஸ்கை வைத்து, குழந்தைகளும் மாடுகளும் அருகே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது தானாகவே ஆவியாகித் தீர்ந்துவிடும். சாக்கடையிலோ கழிவறையிலோ கொட்டாதீர்கள். மூடியிருந்தாலோ, கழுத்தில் பனிக்கட்டி அடைத்திருந்தாலோ, திறக்க முயல வேண்டாம், குனிந்து பார்க்கவும் வேண்டாம். எல்லோரையும் தொலைவுக்கு அனுப்பிவிட்டுத் தீயணைப்புத் துறையை 101 என்ற எண்ணில் அழையுங்கள். உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு, எப்போது மூடினீர்கள் என்பதை மறைக்காமல் அவர்களிடம் சொல்லுங்கள்.