லூடெரிட்ஸில் காற்றைத் தவிர என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

வேலை விஷயமாக நமீபியா வந்திருக்கிறேன். நவம்பரில் நான்கு நாள் விடுமுறை. கடற்கரை ஊரான லூடெரிட்ஸ் போய் கைட்சர்ஃபிங் (பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்குவது) கற்றுக்கொள்ளலாம் என்று ஆசை. உடன் வேலை செய்பவர்கள், "அங்கே காற்றைத் தவிர ஒன்றும் இல்லை" என்கிறார்கள். போகலாமா?

செந்தில், விண்ட்ஹூக்

அன்புள்ள செந்தில்,

கட்டாயம் போங்கள். ஆனால் கற்றுக்கொள்வதற்கான இடம் அது இல்லை. பெங்குவேலா என்ற குளிர் நீரோட்டத்தால் கடல் கோடையிலும் சில்லென்றிருக்கும். உள்ளே நமீப் பாலைவனம் கொதிக்கும். இந்த வெப்ப வேறுபாடு தெற்கிலிருந்து வரும் காற்றை மதியத்துக்கு மேல் முடுக்கிவிடுகிறது. பழகியவர்களே தடுமாறுவார்கள்.

கற்க முடியாவிட்டாலும் பார்க்கலாம். அங்கே கடற்கழியை ஒட்டி, வேகச் சாதனைகளுக்காக ஒரு நீளமான வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். காற்று பலமாக அடிக்க வேண்டும், தண்ணீரில் அலை எழும்பவும் கூடாது. திறந்த கடலில் இரண்டும் சேர்ந்து அமையாது, குறுகிய வாய்க்காலில் அமையும். 500 மீட்டர் தூரத்தின் சராசரி வேகம்தான் கணக்கு. 2008-இல் கைட்சர்ஃபிங் வீரர் செபாஸ்தியன் காட்டெலான் 50 நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு) வேகத்தைத் தாண்டியது லூடெரிட்ஸில்தான். 2010-இல் இன்னொரு வீரர் ராப் டக்ளஸ் தொட்டது 55.65 நாட், அதாவது மணிக்கு 103 கிலோமீட்டர். ஒரு பலகையும் பட்டமும் மட்டும் வைத்துக்கொண்டு! வேகப் போட்டி வழக்கமாக அக்டோபர், நவம்பரில்தான் நடக்கும். உங்களுக்கு வாய்க்கலாம்.

உங்கள் நண்பர்கள் சொன்னதற்கு வருகிறேன். அந்த ஊரில் நடந்த எல்லாவற்றிலும் காற்று இருக்கிறது. ரயில் பாதையை மணல் மூடிக்கொண்டே இருந்ததால், அதை அள்ளிப்போட ஆட்கள் வேண்டியிருந்தது. அப்படி வேலை செய்த ஸகாரியாஸ் லெவாலா 1908-இல் ஒரு வைரத்தைக் கண்டெடுத்தார். பணக்காரர் ஆனவர் அவருடைய மேலதிகாரி ஆகஸ்ட் ஸ்டவுச். அந்த வைரத்தால் பக்கத்திலேயே எழுந்த கோல்மன்ஸ்கோப் ஊரை 1950-களில் கைவிட்டார்கள். இன்று அதன் வீடுகளுக்குள் முழங்கால் வரை மணல். காலையிலேயே போய்விடுங்கள், காற்று கிளம்பினால் மணல் கண்ணில் அடிக்கும்.

அப்புறம், ஷார்க் தீவு. இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். லூடெரிட்ஸை ஒட்டி, இப்போது நிலத்தோடு சேர்ந்துவிட்ட பாறைத் திட்டு அது. 1905 முதல் 1907 வரை, அப்போது நமீபியாவை ஆண்ட ஜெர்மானியர்கள், அந்த மண்ணின் ஹெரேரோ, நாமா இன மக்களை அங்கே அடைத்துவைத்தார்கள். ஆண், பெண், குழந்தை எல்லோரும். போர்த்திக்கொள்ளச் சரியான துணி இல்லை, சோறு இல்லை, உழைப்பு மட்டும் உண்டு. நீங்கள் ரசிக்கப்போகும் அதே குளிர்காற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். நாமா தலைவர் கொர்னேலியஸ் ஃப்ரெடரிக்ஸும் 1907-இல் அங்கேதான் இறந்தார். அன்று நமீபியாவில் நடந்தது இனப்படுகொலை என்று ஜெர்மனி ஒப்புக்கொண்டது 2021-இல்தான்.

அந்தத் தீவில் பல ஆண்டுகளாகச் சுற்றுலாப் பயணிகள் கூடாரம் போட்டுத் தங்கிவந்தார்கள். நல்ல கடல் காட்சி என்று யாராவது பரிந்துரைத்தாலும் அங்கே தங்காதீர்கள். என்னால் அதை ஏற்கவே முடியவில்லை. ஊருக்குள் அறை எடுத்துக்கொண்டு, தீவுக்கு நடந்து போய், ஃப்ரெடரிக்ஸின் நினைவுக்கல்லைப் பாருங்கள். ஊருக்குப் பெயர் தந்த வியாபாரி அடால்ஃப் லூடெரிட்ஸுக்கும் அங்கேயே ஒரு கல் வைத்திருக்கிறார்கள்.

கீட்மன்ஸ்ஹூப்பிலிருந்து வரும் சாலையை, ஊரை நெருங்கும் இடத்தில், மணல் மூடிவிடுவதுண்டு. இருட்டில் ஓட்ட வேண்டாம். நல்ல ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். போய்வந்து எழுதுங்கள்.