ஆறாம் வகுப்பில் மகள் வேறு டீமில்: மார்க் பார்த்துப் பிரித்தார்களா?

அப்படி இருக்க வாய்ப்பு குறைவு. தோழிகள் எல்லாம் புளூ டீமில், உங்கள் மகள் மட்டும் கோல்டில் என்பதால் புளூ கெட்டிக்காரர்களுக்கு என்று ஆகிவிடாது. அமெரிக்க மிடில் ஸ்கூலில் டீம் என்பது கணக்கு, ஆங்கிலம், அறிவியல், சமூக அறிவியல் நான்குக்கும் ஒரே ஆசிரியர்களிடம் போகும் பிள்ளைகள், அவ்வளவுதான். ஆண், பெண், படிப்பு நிலை, முன்பு படித்த பள்ளி எல்லாம் கலந்து வரும்படி பிரிக்கப் பார்ப்பார்கள்.

ஆனால் கடைசியில் முடிவு செய்வது டைம்டேபிள். மகள் வயலின் எடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; என் சந்தேகம் அதன்மேல்தான். ஆறாம் வகுப்பு ஆர்கெஸ்ட்ரா ஒரே ஒரு பீரியடில் நடந்தால், அந்த நேரத்தில் எந்த டீமுக்கு இந்த நான்கு பாட வகுப்புகள் இல்லையோ அதில்தான் வயலின் பிள்ளைகளைப் போட முடியும்.

1. மகளின் அட்டவணையைத் தோழியுடையதோடு ஒப்பிடுங்கள். விருப்பப் பாட பீரியடுகள் வேறு வேறு என்றால் விடை அநேகமாக அதுதான்.

2. அட்டவணையைப் பார்த்துக்கொள்ளும் பள்ளிக் கவுன்சலரிடம் "ஏன் என் பெண்ணை மாற்றினீர்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். "அட்வான்ஸ்டு கணக்கு இரண்டு டீமிலும் உண்டா?" என்று மட்டும் கேளுங்கள்.

சின்னப் பள்ளிகளில் அந்தக் கணக்கு ஒரே டீமில் இருப்பதுண்டு. அப்போது உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா எடுப்பது பல பள்ளிகளில் அந்தக் கணக்கைப் பொறுத்தது. டீம் பேச்சை விட்டுவிட்டு, கணக்கு நிலையை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். தோழிகளைக் காரணம் காட்டினால் பெரும்பாலும் மாற்ற மாட்டார்கள். யாராவது அவளைச் சீண்டுகிறார்கள் என்றால் கதை வேறு, அதை எழுத்தில் கொடுங்கள்.