மகளுக்குத் தெரியாமல் ஒரு கரண்டி நெய்

கேள்வி: நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சைவம், முட்டை கலந்த கேக்கைக்கூட வீட்டுக்குள் விட்டதில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் ஓராண்டாகப் பால், தயிர், நெய், தேன் எதையும் தொடுவதில்லை. 'வீகன்' ஆகிவிட்டாளாம். "நீ குடிக்கிற காபியும் கறிக்கடையும் ஒரே கணக்குதான் அம்மா" என்கிறாள். மேல்நாட்டு மோகமல்லாமல் இது வேறென்ன? விடுப்பில் வந்தவள் இளைத்துப்போயிருந்ததால், அவளுக்குத் தெரியாமல் பருப்புச் சாதத்தில் நெய் கலந்து கொடுத்தேன். அதில் தவறு உண்டா?
— வாசகி ஒருவர், மயிலாடுதுறை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தவறுதான். முட்டை கலந்த கேக்கை முட்டையில்லாதது என்று சொல்லி உங்கள் அண்டை வீட்டார் உங்களுக்கு ஊட்டியிருந்தால், உடம்புக்கு நல்லதென்றுதான் செய்தோம் என்ற அவர்களுடைய சமாதானத்தை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா? அதிலும் அந்த நெய்யால் உங்கள் மகளுக்கு வேண்டியது எதுவும் போய்ச் சேர்ந்திருக்காது. பாலின் புரதமும் கால்சியமும் வெண்ணெய் எடுக்கும்போதே பெரும்பாலும் மோரோடு போய்விடுகின்றன. உருக்கியபின் எஞ்சும் நெய் ஏறத்தாழ முழுக்கக் கொழுப்பு.

மேல்நாட்டு மோகம் என்கிறீர்கள். வீகன் என்ற பெயர் 1944இல் இங்கிலாந்தில் பிறந்தது உண்மை. ஆனால் உங்கள் மகள் பேசும் நியாயம் நம்முடையது: "தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும் விலைப்பொருட்டால் ஊன்தருவா ரில்" என்று, வாங்குகிறவன் இருப்பதால்தான் விற்கிறவன் இருக்கிறான் என்பதைப் புலால் மறுத்தலில் வள்ளுவர் சொல்லிவிட்டார். அதை அவர் பாலுக்கு நீட்டவில்லை. காதலியின் வாயூறலுக்கு உவமை தேடியபோது பாலொடு தேன் கலந்ததைத்தான் எடுத்துக்கொண்டார். உங்கள் மகள் நீட்டிப் பார்க்கிறார். நீட்டினால் எங்கே போய் நிற்கிறது என்பதைக் கொஞ்சம் பாருங்கள்.

கன்று ஈன்றால்தான் மாடு பால் தரும். எனவே கறவை வற்றாமலிருக்க ஏறத்தாழ ஆண்டுக்கொரு முறை சினைப்படுத்த வேண்டியிருக்கிறது. பிறப்பவற்றில் பாதி காளைக்கன்று. ஏரும் வண்டியும் இருந்த காலத்தில் அதற்கு வேலை இருந்தது. டிராக்டரும் சினை ஊசியும் வந்தபின் அது தீனிக்குக் கேடு என்று ஆகிவிட்டது. கன்று செத்துவிட்டால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துத் தாயின் முகத்தருகே நிறுத்தி, அது நக்கிக்கொண்டிருக்கும்போதே மடியைக் கறக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பால் வற்றிய பசுவைச் சாகும்வரை வைத்துத் தீனி போட இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்தால் முடியாது; அது அடிமாடாகச் சந்தைக்குப் போகிறது. 10 வயதைக் கடந்து, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டைச் சான்றிதழ் பெற்று வெட்டலாம் என்று தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. உலகிலேயே அதிகமாகப் பால் கறக்கும் இந்தியா எருமை இறைச்சி ஏற்றுமதியிலும் முன்வரிசையில் நிற்பது தற்செயலல்ல.

ஆகவே காபியும் கறிக்கடையும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்றால் நான் ஒப்புக்கொள்வேன். ஒரே கணக்கு என்பது இளமையின் மிகை. சங்கத்தில் பால் ஊற்றி வரும் பணத்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெண்ணையும் வைத்துத்தான் அந்தக் கணக்கைப் போடவேண்டும். பொட்டலத்தில் உள்ள பச்சைப் புள்ளியை மட்டும் சாட்சிக்கு அழைக்காதீர்கள். விலங்கிலிருந்து வருவதெல்லாம் அசைவம் என்று வரையறுத்துவிட்டு, பாலும் பால்பொருளும் தேனும் நீங்கலாக என்று சேர்த்துக்கொண்ட விதியிலிருந்து வந்த புள்ளி அது. வீகன் உணவுக்கென்று தனி விதிகளும் முத்திரையும் 2022இல் வந்தன.

இந்தச் சங்கடம் காந்திக்கும் இருந்தது. கல்கத்தாவில் பசுவிடமும் எருமையிடமும் கடைசிச் சொட்டுவரை கறப்பதற்காகச் செய்யப்பட்ட 'பூக்கா' என்ற கொடுமையை அறிந்து, 1912இல் தென்னாப்பிரிக்காவில் பாலை விட்டார். பின்னர் கடும் நோயில் படுத்தபோது, பால் குடிக்காமல் உடம்பு தேறாது என்று மருத்துவர் சொல்ல, கட்டிலருகே நின்றிருந்த கஸ்தூரிபா, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கேட்டார். காந்தி இணங்கினார், சபதத்தின் எழுத்தைக் காத்து அதன் உட்பொருளைக் கைவிட்டுவிட்டேன் என்ற பொருளில் பிற்பாடு வருந்தி எழுதினார். கஸ்தூரிபா முகத்துக்கு நேரே கேட்டதை, கஞ்சியில் கலந்து கொடுக்காததை, நீங்கள் கவனிக்க வேண்டும்.

உங்கள் கவலை மட்டும் நியாயமானது. பாலை நிறுத்திய இடத்தில் உங்கள் மகள் எதை வைத்தார் என்று கேளுங்கள். உருளைக்கிழங்கு சிப்ஸும் கட்டஞ்சாயாவும்கூட வீகன்தான். விடுதிச் சோற்றில் தயிரைக் கழித்தால் பல நாள் மிஞ்சுவது சோறும் ஊறுகாயும்தான். பருப்பு, கடலை, சோயா, வேர்க்கடலை இவற்றில் ஏதேனும் ஒன்று வேளைதோறும் தட்டில் இருக்கவேண்டும். 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் என்றால் 100 கிராம் கேழ்வரகில் 350 அளவில் இருக்கிறது. அதில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும் என்பதால் முளைகட்டி அரைத்த மாவு மேல். தோல் நீக்காத எள்ளும் முருங்கைக்கீரையும் துணைக்கு இருக்கின்றன.

பி12 வைட்டமின் விஷயத்தில் சமையலறை கைகொடுக்காது. அதை உண்டாக்குபவை நுண்ணுயிர்கள். எந்தக் கீரையிலும் நம்பத்தக்க அளவில் அது கிடையாது. ஈரலில் ஆண்டுக்கணக்கில் இருப்பு இருப்பதால் முதல் ஓராண்டில் எதுவும் தெரியாது. பிறகு அசதி, கை கால் மரமரப்பு, மறதி என்று தொடங்கி, கவனிக்காமல் விட்டால் நரம்பைத் திரும்பாத அளவுக்குப் பாதிக்கும். மகளை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கூடவே நீங்களும் போங்கள். நாளொன்றுக்கு 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் தேவை. ஒரு டம்ளர் பால் அதில் பாதிகூடத் தருவதில்லை, அதனால் காபியும் மோரும் குடிக்கும் சைவர்களிலும் பலருக்கு இந்தக் குறை இருக்கிறது.

அடுத்த முறை அவர் வரும்போது, நடந்ததைச் சொல்லிவிட்டு, பருப்புச் சாதத்துக்கு நல்லெண்ணெய் ஊற்றுங்கள். மருத்துவர் பி12 எழுதிக் கொடுத்தால் மாத்திரையின் உறை எதனால் ஆனது என்றும் கேட்டு வாங்குங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் கேப்சூல்களில் பெரும்பாலானவற்றின் உறை ஜெலட்டின். விலங்குகளின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது. கேக்கை வாசலிலேயே நிறுத்திய உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.